கட்டை கிடைத்துவிட்டது, மாப்ள

மாப்ள,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதைப் பொங்கலுக்கு நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம். அம்மா முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே தினமும் தோப்புக்கு நடந்துவிடுகிறார்.

நான் எழுத உட்கார்ந்தது நம்ம மாசி டிராக்டரைப் பற்றி. அப்பா போனதிலிருந்து இரண்டு மழைக்காலம் அது கொட்டகையைவிட்டு நகரவே இல்லை. பேரணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், தொழி உழவுக்கு ஆகட்டும் என்று புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் உடனே எடுத்துவிட்டது. ஆனால் கிளட்ச்சை எவ்வளவு மிதித்தாலும் கியர் விழவில்லை. கறகறவென்று பல் தேயும் சத்தம்.

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். "பிளேட் ஒட்டிக்கிச்சு தம்பி" என்றார். அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதித்தால் விலகத்தான் செய்கிறதாம். நடுவில் இருக்கும் கிளட்ச் பிளேட்தான் ஈரத்தில் துரு ஏறி இன்ஜின் பக்கத்துப் பிளைவீல் சக்கரத்தோடு ஒட்டிப்போய், இன்ஜினோடு சேர்ந்தே சுற்றுகிறது. இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி என்று வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றார். என் தம்பி அன்றைக்கே காயலான் கடையில் விலை கேட்டுவிட்டான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்ள.

யோசனை சொல்ல ஊரே வந்தது. கீழே ஓட்டை வழியாக ஆயில் அடி என்றார் ஒருவர். அடித்தால் பிளேட்டில் இருக்கும் லைனிங் ஆயிலைக் குடித்துவிடும், அப்புறம் காலத்துக்கும் கிளட்ச் வழுக்கும். பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கியரில் ஓடவிட்டுப் பிரேக் அடி என்றார் இன்னொருவர். ஜாக்கி சரிந்தால் வண்டி ஆள் மேலேயே ஏறிவிடும். முடியவே முடியாது என்றுவிட்டேன். நீ இருந்திருந்தால் வரப்பில் நின்று பத்து யோசனை சொல்லியிருப்பாய், ஸ்பானரை மட்டும் தொட்டிருக்க மாட்டாய்.

கடைசியில் மெக்கானிக் அண்ணனே, பிரிக்கும் முன் ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம் என்றார். அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கினோம். பிறகு ஸ்டாப்பரை இழுத்து அணைத்து, பெரிய கியரில் போட்டோம். சின்ன கியர் என்றால் சக்கரம் சுற்றாமல் சறுக்கும். பிரேக் அடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடிக்கட்டும் என்று இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் இணைத்துவிட்டு, நான் கிளட்ச்சை அடிவரை மிதித்து உட்கார்ந்துகொண்டேன். மாமாவின் டிராக்டர் நீளச் சங்கிலியில் கட்டி, அறுப்பு முடிந்த காய்ந்த வயலில் இழுத்தது. சங்கிலிப் பக்கம் யாரையும் விடவில்லை. இன்ஜின் கூடவே சுற்றி, புகைக்குழாயில் புஸ் புஸ் என்றது. முதல் சுற்று, இரண்டாவது சுற்று, ஒன்றும் இல்லை. மூன்றாவதில் 'டக்' என்று ஒரு அதிர்ச்சி, ஒட்டியிருந்த பிளேட் விட்டுவிட்டது. புஸ் சத்தம் நின்றது, வண்டி பஞ்சு மாதிரி உருண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் அண்ணன் கேட்டார்: "நிறுத்தும்போது உங்கப்பா பெடலுக்கு முட்டுக் கொடுப்பாரே, அந்தக் கட்டை எங்க?"

புளியங்கட்டை, மாப்ள! நாம் ஸ்டம்ப் நட்டு அடி வாங்கிய அதே கட்டை. பெடலை மிதித்தபடி முட்டுக் கொடுத்தால் பிளேட் ஒட்டாமல் விலகியே நிற்கும். இத்தனை வருடமும் அதற்காகத்தான் வைத்திருக்கிறார், நாம் ஒரு நாளும் கேட்கவில்லை. எரவாணத்தில் சொருகியிருந்தது. எடுத்துத் துடைத்து முட்டுக் கொடுத்துவிட்டேன்.

நாளை விடியற்காலை உழவு. பொங்கலுக்கு வருகிறாயா என்று எழுது, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன் பங்காளி