கட்டுரையில் ஹெலனைக் காணோமே!

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவத்திலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். வால்மார்ட் கடைகளைத் தொடங்கிய சாம் வால்டன் ராணுவத்தை விட்டு வந்த கையோடு 1945-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் முதல் கடையை எடுத்தார், சரி. அதற்குப் போட்ட பணத்தில் 20,000 டாலர் மாமனார் கொடுத்த கடன். பெரிய நகரம் வேண்டாம், சின்ன ஊராகப் பாருங்கள் என்று பிடிவாதமாக நின்றவர் மனைவி ஹெலன். அவர் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

நான் சான் டியேகோவில் சிறு கடைக்காரர்களுக்கு வரிக்கணக்கு எழுதுகிறவள். கடற்படை ஊர் இது. என்னிடம் வந்தவர்களில் ஒருவர் கடற்படை வீரரின் மனைவி. வீட்டு அடுப்பில் கேக் செய்து விற்றார். கவுண்டியில் (மாவட்ட நிர்வாகத்தில்) பதிவு, எல்எல்சி என்ற சிறு நிறுவனப் பதிவு, எல்லாம் முறைப்படி. ஆர்டர் நோட்டின் ஓரத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எதற்குக் கடலை ஆகாது என்பதுவரை குறித்திருப்பார். மூன்றாம் வருஷம், லாபம் கண்ணில் படத் தொடங்கிய நேரம், கணவருக்கு வர்ஜீனியாவின் நார்ஃபோக்குக்கு மாற்றல் வந்தது.

2023 தொடக்கத்தில் வந்த சட்டம், மாற்றலாகும் வீரரின் மனைவியோ கணவரோ வைத்திருக்கும் தொழில் உரிமத்தைப் புது மாநிலமும் ஏற்க வேண்டும் என்கிறது. நர்ஸுகளுக்கு நல்லது. கேக் அனுமதி ஆளுக்கு இல்லையே, அடுப்புக்கு அல்லவா! அங்கே போய் எல்லாம் முதலிலிருந்து. இங்கே எல்எல்சியை முறையாக ரத்து செய்யும்வரை கலிபோர்னியா வருஷம் 800 டாலர் வரி கேட்கும். மூட்டை கட்டும் அவசரத்தில் அவர் அதை மறந்துவிட்டார். ஒரு வருஷம் தண்டம் அழுதார்.

சலுகையே இல்லை என்று சொல்லமாட்டேன். சிறுதொழிலுக்கான அரசு அமைப்பான எஸ்பிஏ, தொழில் தொடங்க நினைக்கும் வீரர்களுக்கு நடத்தும் 'பூட்ஸ் டு பிசினஸ்' வகுப்பில் மனைவியும் உட்காரலாம். ஆனால் பெரிய துண்டு அரசு ஒப்பந்தம்தான். பணியில் உடல் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களின் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத் தொகையில் 3 சதவீதமாவது போக வேண்டும் என்றிருந்த இலக்கை 5 ஆக்கியிருக்கிறார்கள். நியாயம்தான். அதற்கு நிறுவனத்தில் 51 சதவீதப் பங்காவது அந்த வீரர் கையில் இருக்க வேண்டும். மனைவி தன் பெயரில் நடத்தும் கடைக்கு, வீரரின் மனைவி என்பதற்காக அப்படி ஓர் இலக்கு கிடையாது. "பேசாம கடையை வீட்டுக்காரர் பேர்ல மாத்திடலாமா?" என்று இன்னொரு பெண் கேட்டார். மாதக்கணக்கில் கப்பலில் இருப்பவர்தான் கடையை நடத்துகிறார் என்று எப்படி எழுதிக் கொடுப்பது? போதாக்குறைக்கு, பணியில் இருக்கும்வரை அவர் முன்னாள் வீரரும் இல்லை!

மாற்றலுக்கு மாற்றல் கடையைப் பெயர்த்துக்கொண்டு போகும் இந்தப் பெண்களைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். கேக்காரர் நார்ஃபோக்கில் மறுபடி அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். பழைய வாடிக்கையாளர்களை விட மனமில்லாமல் போன் எண்ணை மட்டும் மாற்றவில்லை. எண் சான் டியேகோவின் 619 என்று தொடங்குவதால், அங்கே உள்ளவர்கள் ஏதோ விளம்பர அழைப்பு என்று எடுப்பதே இல்லையாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சான் டியேகோ