பொட் மென்பொருளுக்குத் தடை வேண்டும், பிள்ளைக்கு விசாரணை வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

மல்லாவியில் என் அக்கா வீட்டில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கிறது. விடுமுறை வந்தால் அவரின் இரண்டு பெடியளும் சித்தப்பாவின் பிள்ளைகள் இருவரும் அதை மாறி மாறிப் பிடித்து, இணைய விளையாட்டு ஒன்றை ஒரே ஐடியில், அதாவது ஒரே கணக்கில், விளையாடுவார்கள். ஒருவன் சாப்பிட எழும்பினால் மற்றவன் இருப்பான். இரவு டேட்டா மலிவு என்பதால் விடியும்வரை ஆட்டம் நிற்காது. மூன்று வருடமாக வளர்த்த அந்த ஐடி போன விடுமுறையில் நிரந்தரமாகத் தடைசெய்யப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் ஒரு வரி: தானாக ஆடும் மென்பொருள், அதாவது பொட், பாவித்தார்களாம். மூன்று முறை முறையிட்டோம். மூன்று முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதில்.

பொட் தடையை நான் எதிர்க்கவில்லை. விளையாட்டுக்குள் கிடைக்கும் பொன்னையும் பொருளையும் இரவு பகலாக அள்ளி நிசக் காசுக்கு விற்க உதவும் பொட்டுகளால், நேர்மையாக ஆடுபவனின் உழைப்புக்குப் பெறுமதி இல்லாமல் போகிறது. 2011 ஒக்டோபரில் 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில் ஜாகெக்ஸ் நிறுவனம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொட் கணக்குகளை நீக்கியது. அது செய்யவேண்டிய வேலைதான்.

ஆனால் கண்டுபிடிக்கும் இயந்திரமும் பிழை விடும். 2010 ஜூலையில் வால்வ் நிறுவனத்தின் மோசடித் தடுப்பு முறை, 'மொடர்ன் வோர்ஃபெயார் 2' ஆடிய சுமார் 12,000 பேரைத் தவறாகத் தடைசெய்தது. நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு தடையை நீக்கி, ஒவ்வொருவருக்கும் வேறொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தது. 2023 ஒக்டோபரில் கணினிச் சில்லு செய்யும் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ஒரு கிராபிக்ஸ் டிரைவரின் (திரைப்படத்தை இயக்கும் மென்பொருளின்) வசதியைப் பாவித்ததற்காகவே 'கவுண்டர்-ஸ்ட்ரைக் 2' ஆட்டக்காரர்கள் தடையில் மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பிழைக்கு இடம் இன்னும் அதிகம். மொபைல் வலையமைப்பில் பல பாவனையாளர்கள் ஒரே ஐபி முகவரிக்கு, அதாவது இணையத்தில் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணுக்கு, பின்னால் இருப்பார்கள். நாலு பேர் கை மாறும் போன், தூரத்தில் இருந்து பார்த்தால் ஓயாத இயந்திரமாகத்தான் தெரியும். ஐடியைப் பகிர்வது விதிப்படி குற்றம் என்றால் அதைச் சொல்லித் தண்டிக்கட்டும். செய்யாத களவைச் சொல்லிப் பிள்ளையைக் கள்ளன் ஆக்கக்கூடாது. மூத்தவன் இப்போது கூட்டாளிகளுக்கு முகம் கொடுக்க வெட்கப்படுகிறான்.

கண்டுபிடிக்கும் வழியைச் சொன்னால் பொட் செய்பவர்கள் தப்பிவிடுவார்கள் என்று விளையாட்டு நிறுவனத்தார் சொல்கிறார்கள். அதற்காகத்தான் உடனே தடுக்காமல், பிடிபட்ட ஐடிகளை வாரக்கணக்கில் சேர்த்து ஒரேயடியாகத் தடைசெய்கிறார்கள் என்பதும் விளங்குகிறது. வழியைச் சொல்லவேண்டாம். எந்த நாள், எந்த ஆட்டம் என்றாவது சொல்லலாம் அல்லவா? முறையீட்டை ஒரு மனிதர் வாசிக்கலாம் அல்லவா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பெப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், இணையத் தளங்கள் கணக்கை முடக்கினால் காரணம் சொல்லவேண்டும் என்கிறது. முறையீட்டை இயந்திரம் மட்டும் தீர்க்கக்கூடாது என்றும் சொல்கிறது.

நமது இலங்கை நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், தானியங்கி முறையில் எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை பற்றிப் பேசப்படுகிறது. வெளிநாட்டு விளையாட்டு நிறுவனத்திடம் அதை எப்படிக் கேட்பது, யாருக்கு எழுதுவது என்று சட்டம் தெரிந்த ஒருவரைக் கொண்டு உங்கள் பத்திரிகையில் எழுதுவியுங்கள். வன்னியில் இதற்காகக் காத்திருக்கும் வீடு எங்களுடையது மட்டும் அல்ல.

வாசகி,
மல்லாவி.