கிரிஸ்பர் என்றால் கத்தரிக்கோல் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக்டீரியா தன்னைத் தாக்கும் வைரஸை எதிர்க்கும் கிரிஸ்பர் முறையைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதை மரபணு திருத்தும் கருவியாக்கிய டவுட்னா, ஷார்பான்டியே இருவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றது வரை தெளிவாக எழுதியிருந்தீர்கள். ஆனால் பாக்டீரியாவின் நோய் எதிர்ப்பு என்றாலே வைரஸை வெட்டும் கத்தரிக்கோல்தான் என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள் நான். என் மாணவர்களும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

மூன்றாம் வகை கிரிஸ்பர் வெட்டுவதோடு நிற்பதில்லை, அபாயச் சங்கும் ஊதும். வைரஸின் ஆர்.என்.ஏ. தட்டுப்பட்டதும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை எடுத்து நான்கு அல்லது ஆறு அடினோசின் கோத்த குட்டி வளையங்களைச் செய்து தள்ளுகிறது. இவைதான் அந்தச் சங்கு. ஓர் ஆர்.என்.ஏ.வுக்கே ஏறக்குறைய 1000 வளையங்கள்! வளையம் வந்து ஒட்டியதும் விழித்துக்கொள்ளும் நொதிகள், எதிரியுடையதா தன்னுடையதா என்று பார்க்காமல் அகப்பட்ட ஆர்.என்.ஏ.வையெல்லாம் அறுக்கும். இதை நிறுத்தாமல் விட்டால் செல்லே செத்துப்போகும்.

சரி, நிறுத்துவது யார்? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஒயிட் குழுவினர் 2018-இல் விடை கண்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது கொதிக்கும் அமில ஊற்றில் வாழும் சல்ஃபோலோபஸ். பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனி வகை நுண்ணுயிர். நான்கு அடினோசின் வளையத்தை வெட்டிப்போடும் நொதி அதனிடமே இருந்தது. அது மிக மெதுவாக வெட்டுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. சீக்கிரம் அணைத்தால் வைரஸ் பிழைத்துக்கொள்ளும், அணைக்காவிட்டால் செல் பிழைக்காது.

வைரஸ்களும் சும்மா இருக்கவில்லை. அவற்றிடமும் வளையம் வெட்டும் நொதி உண்டு என்று அதே குழு 2020-இல் காட்டியது. இந்த நொதிக்கு நிதானமே கிடையாது. வளையங்கள் சேரச் சேர வெட்டித் தீர்த்து, சங்குச் சத்தம் எட்டுமுன்பே அடக்கிவிடுகிறது. பாக்டீரியாவின் சி-பாஸ் என்ற வேறொரு எதிர்ப்பு முறையையும் டி4 ஃபேஜ் (ஃபேஜ் என்றால் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) இப்படித்தான் முடக்குகிறது. அதைச் செய்யும் ஏ.சி.பி.1 நொதி 2022-இல் தெரியவந்தது.

இது ஏதோ நுண்ணுயிர்களின் சண்டை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் செல்களில் வைரஸைக் கண்டு எச்சரிக்கும் சி-காஸ் புரதம் சி-பாஸுக்கு உறவு. அது எழுப்பும் எச்சரிக்கையை, பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்சினியா வைரஸும் பாக்சின் என்ற நொதியால் வெட்டிவிடுகிறது. இது 2019-இல் வெளியான ஆய்வு.

ஆன்டிபயாடிக் கேட்காத கிருமிகளுக்கு ஃபேஜ் சிகிச்சை பற்றி நீங்களும் அடிக்கடி எழுதுகிறீர்கள். ஃபேஜ் கிருமியின் மேல் ஒட்டி உள்ளே போய்விட்டால் வேலை முடிந்தது என்று அந்தக் கட்டுரைகளில் வருகிறது. உள்ளே போன பிறகு எச்சரிக்கையை அணைக்கத் தெரியாத ஃபேஜ் அங்கேயே தோற்றுப்போகலாம். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது வளையத்துக்கும் அதை வெட்டும் நொதிக்கும் ஒரு படமாவது போடுங்கள். மாணவர்களுக்குக் காட்ட எனக்கும் உதவும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியை,
திருச்சி