மகளுக்கு அம்மா எழுதுவது: கைப்பேசியில் உடல்நலம்

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ என் கைப்பேசியில் போட்டுக்கொடுத்த சர்க்கரைச் செயலியை விடாமல் பயன்படுத்துகிறேன். வெறும் வயிற்றில் பார்க்கும் அளவும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவும் குளுக்கோமீட்டரிலிருந்து தாமாகவே அதில் ஏறிவிடுகின்றன. சென்ற முறை டாக்டர் அந்த வரைபடத்தைப் பார்த்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சர்க்கரை ஏறுகிறது என்று சொல்லி, அந்த வேளை மாத்திரையை மட்டும் மாற்றினார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் இந்த வேளைக் கணக்கு தெரியாது என்பதால், அந்தச் செயலி இருக்கட்டும்.

ஆனால், கேமராவில் விரலை வைத்தால் ரத்த அழுத்தம் காட்டும் என்று நீ இப்போது அனுப்பியிருக்கும் செயலி எனக்கு வேண்டாம். 2014-இல் அமெரிக்காவில் 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்றொரு செயலி விற்பனைக்கு வந்தது. கைப்பேசியின் மேல் விளிம்பை நெஞ்சில் பதித்து, ஆள்காட்டி விரலால் கேமராவை மூடினால் போதும் என்றார்கள். லட்சம் பேருக்கு மேல் வாங்கினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 85 பேரிடம் அதைப் பட்டை கட்டிப் பார்க்கும் கருவியோடு ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, உண்மையிலேயே அழுத்தம் கூடியிருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு அது கூடவில்லை என்றே காட்டியிருக்கிறது. பி.பி. ஏறினாலும் பெரும்பாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட நோயில் பொய்யாக ஆறுதல் சொல்லும் கருவிக்கு, கருவியே இல்லாமல் இருப்பது மேல், ஏனென்றால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மேல்கையில் பட்டை கட்டிப் பார்த்து, அந்த அளவைச் சர்க்கரைச் செயலியில் நானே எழுதிவைத்துக்கொள்கிறேன்.

நீயும் உன் கைப்பேசியில் மாதவிலக்கு நாள் குறிக்கும் செயலியைக் கவனித்துப் பார். 'ஃப்ளோ' என்ற செயலி, ரகசியம் காப்போம் என்று வாக்களித்துவிட்டு, பெண்களின் விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2021-இல் குற்றம் சாட்டியது. கைப்பேசியிலிருந்து செயலியை எடுத்துவிடுவதால் மட்டும் அந்த நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்த விவரம் அழியாது. கணக்கையே நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

என் செயலிக்குத் தொடர்பு எண்களைப் பார்க்கும் அனுமதி இருப்பதை இன்றுதான் கவனித்தேன். சர்க்கரை அளவு எழுத அது எதற்கு? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது அந்த அனுமதியை எடுத்துவிடச் சொல்லிக்கொடு.

அன்புடன்,
அம்மா