ஊஞ்சலுக்குப் பின்னால் இருக்கும் அந்த மூலையை ஒரு வருடம் எங்களிடம் கொடுங்கள்

பூங்காப் பராமரிப்புக் குழுவினருக்கு வணக்கம்.

நம் பூங்காவில் ஊஞ்சலுக்குப் பின்னால், சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு மூலை சும்மா கிடப்பது உங்களுக்கே தெரியும். நடக்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை, பந்து போய் விழுந்தால் மட்டும் பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வருவார்கள். காய்ந்த இலைக்குவியலும் முள்செடியும் உடைந்த பெஞ்சின் கால் ஒன்றும்தான் அங்கே இருக்கின்றன. அளந்து பார்த்தேன், 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுற்றிக் குடியிருக்கிற நாங்கள் சேர்ந்து காய்கறி போட அந்த இடத்தை ஒரு வருடத்துக்கு அனுமதித்துத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இந்த ஆசை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மா, பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு தக்காளிச் செடி வளர்க்கிறார். படிக்கட்டு ஜன்னலில் வரும் வெயில்தான் அதற்கு. காலையில் மேல் படியில் வைப்பார், பத்து மணிக்கு இரண்டு படி கீழே இறக்குவார், மதியம் மறுபடி நகர்த்துவார், ஒவ்வொரு முறையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. டப்பாவின் அடியில் துரு பிடித்து, படியில் வட்ட வட்டமாகக் கறை. வெயிலைத் துரத்திக்கொண்டு ஒருவர் படியேறி இறங்கும்போது, எதிரே 120 சதுர மீட்டர் வெயில் யாருக்கும் உதவாமல் கிடக்கிறதே என்று எனக்குத் தாங்கவில்லை.

சரி, ஆசை மட்டும் போதாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி என்று நிழல் விழும் எல்லையில் கற்களை வைத்துப் பார்த்தேன். பெரும்பாலான காய்கறிச் செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். சுவரோரம் ஒன்றரை மீட்டரையும் பெரிய மரத்தின் அடியையும் விட்டால் மீதி இடத்தில் அது தாராளமாகக் கிடைக்கிறது. சுவரோரத்தில் கீரை வரும், அது கொஞ்சம் நிழலைப் பொறுத்துக்கொள்ளும். மரத்தடியைத் தோண்டவே மாட்டோம், கிளை பரவியிருக்கும் தூரம் வரை அதன் வேர் மேலாகவே ஓடும், வெட்டினால் மரத்துக்குத்தான் கேடு.

அப்புறம் மண். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நீர் நிரப்பி வைத்தேன். மறுநாள் காலையில் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. தோண்டும்போதே செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வந்தன, என்றோ கட்டட இடிபாட்டைக் கொட்டி மிதித்து இறுகிப்போன மண் அது. அதனால் நேரே தரையில் விதைக்கச் சொல்லமாட்டேன். 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, நல்ல மண்ணும் மட்கிய உரமும் நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் மண்ணை ஆய்வகத்தில் கொடுத்து ஈயம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், பழைய பெயின்ட் கலந்த இடிபாட்டில் அது இருக்க வாய்ப்பு உண்டு, சாப்பிடுகிற பொருளை வளர்க்கும் இடத்தில் அலட்சியம் கூடாது. பரிசோதனைச் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

உங்களில் சிலர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "ஆறு மாசம் ஆர்வமா இருப்பாங்க, அப்புறம் காஞ்சு போயிடும்." இதை நான் மறுக்கவில்லை. முன்பு குடியிருந்த இடத்தில் விழா எடுத்து வரிசையாக மரக்கன்று நட்டார்கள், நானும் ஒன்று நட்டேன். இரண்டு மாதத்தில் முட்டுக்கொடுத்த குச்சிகள்தான் மிஞ்சின. தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்று யாரிடமும் சொல்லவில்லை, பக்கத்துக் குழாய்க்கோ பூட்டு. கன்றுகள் சாக வேறு காரணமே வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் இடத்துக்கும் முன்னால் ஒரு குழாய் கேட்கிறேன். குழாய் கிடையாது என்றால் இடமும் வேண்டாம், நட்டுக் காயவிட எங்களுக்கு மனசில்லை.

எவ்வளவு தண்ணீர் என்று கேட்பீர்கள். நாங்கள் நினைப்பது 8 பாத்திகள், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். அதற்கு மேல் அகலம் போனால் இரண்டு பக்கமும் நின்று நடுப்பாத்திக்குக் கை எட்டாது, உள்ளே கால் வைத்து மண்ணை மிதிக்க வேண்டிவரும். வாரத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்று வைத்தால், எட்டுப் பாத்திக்கும் சேர்த்து சுமார் 720 லிட்டர், அதாவது நாளைக்குப் பத்து லிட்டர் வாளியில் பத்து வாளி. கடும் கோடையில் கூடும், காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் குறையும். பூங்கா மண்டபத்தின் கூரையிலிருந்து மழைநீரைப் பிடித்தால் இன்னும் மிச்சம், ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். தொட்டிக்கு வலையோடு இறுக்கமான மூடி போடுவோம், ஏனென்றால் தேங்கிய தண்ணீரில் முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும்.

ஆள் விஷயத்துக்கு வருகிறேன். 12 வீட்டுக்காரர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆறு பாத்திகளை இரண்டு வீட்டுக்கு ஒன்று என்று பிரிக்கிறோம், ஒருவர் வெளியூர் போனால் மற்றவர் தண்ணீர் ஊற்றுவார். மூன்று வாரம் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டால் பாத்தி அடுத்துக் காத்திருப்பவருக்குப் போகும், இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். மீதி இரண்டு பாத்தி பொது, யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். அதில் ஒன்றை 70 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுப்ப வேண்டும், குனிய முடியாதவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் கை வைக்கும்படி. வேலியும் பூட்டும் கிடையாது, விற்பனையும் கிடையாது. நம்மைக் கேட்காமல் சிலர் பறிப்பார்கள், பறிக்கட்டும், அதற்காகப் பொது இடத்தில் சுவர் எழுப்பக் கூடாது என்பது என் கருத்து.

குப்பை நாறும், எலி வரும் என்ற பயமும் நியாயம்தான். உரக்குழியில் சமைத்த மிச்சம் எதுவும் விழாது. காய்ந்த இலை மூன்று பங்கு, பச்சைக் கழிவு ஒரு பங்கு என்று அடுக்கி, அவ்வப்போது புரட்டிவிட்டால் நாற்றம் வராது. இப்போது மூட்டை கட்டி வெளியே அனுப்பும் இலையெல்லாம் இங்கேயே மண்ணாகும்.

குழந்தைகள் விளையாடும் இடம் போய்விடும் என்றும் ஒருவர் வருத்தப்பட்டார். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக் கதை ஒன்றை அவருக்குச் சொல்ல ஆசை. 1865இல் அங்கே பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டுத் திடல் திறந்தார்கள். கெசல் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் திடலின் ஓரத்தில் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னப் பாத்திகள் போட்டுக்கொடுத்தார். களை மண்டியபோது பெற்றோர் வந்து கை கொடுத்தார்கள், அப்படியே அவை குடும்பத் தோட்டங்களாகிவிட்டன. அந்த நாட்டில் இன்றைக்கும் இப்படிப்பட்ட தோட்டங்களை அந்தத் திடலின் பெயரை ஒட்டியே 'ஷ்ரேபர் தோட்டம்' என்கிறார்கள். விளையாட்டும் தோட்டமும் அங்கே ஒரே திடலில்தான் தொடங்கின. நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் குப்பை குவிந்த ஒரு காலி மனையைச் சுத்தம் செய்தபோது, மறுவருடமே நகர நிர்வாகம் அதை மாதம் 1 டாலர் வாடகைக்குக் கொடுத்தது. அந்தத் தோட்டம் இப்போதும் இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து நீங்கள் வந்து பாருங்கள். சரியில்லை என்றால் பாத்திகளைப் பிரித்து, தரையைச் சமன் செய்து, இன்று இருப்பதைவிடச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அதற்கு முன் வரும் ஞாயிறு காலையில் முடிந்தவர்கள் அந்த மூலைக்கு வாருங்கள். நிழலுக்கு வைத்த கற்கள் அங்கேயேதான் இருக்கின்றன, எடுக்க வேண்டாம் என்று தூய்மைப் பணியாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பூங்காவுக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர்