ஃபார்மலினில் அந்த இரண்டு உப்பையும் சேருங்கள்: சிறு மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

சிறு நகர மருத்துவமனைகளின் டாக்டர்களுக்கும் ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்களுக்கும் வணக்கம்.

சதைப் பரிசோதனைக்கு நீங்கள் அனுப்பும் பாட்டில்களைத் திறந்து வேலை பார்க்கும் டெக்னீஷியன்களில் நானும் ஒருத்தி. திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலினை, அமிலம் ஏறாமல் தடுக்கும் பஃபர் உப்புகள் இரண்டையும் சேர்த்துக் கலக்குங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

கடையில் வாங்கும் ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு குழாய்த் தண்ணீர் விட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நாள்பட நாள்பட அதில் ஃபார்மிக் அமிலம் உண்டாகிறது. அமிலம் ஏறிய கரைசல் ரத்தத்தோடு வினைபுரிந்து, திசு முழுக்கப் பழுப்பும் கறுப்புமாய்ப் புள்ளிகளைப் படியவைக்கும். டி.என்.ஏ.வும் சிதையும். மரபணுச் சோதனையை நம்பியிருக்கும் நோயாளிக்கு அப்புறம் என்ன பதில் சொல்வது? மறுபடி ஊசி குத்தி எடுக்கலாம்தான், ஆனால் அந்த வலி அவருக்குத்தானே.

பஃபர் சேர்த்த கரைசலுக்கான அளவு இது: ஒரு லிட்டருக்கு 100 மி.லி. ஃபார்மலின், 900 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட், 6.5 கிராம் நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். உப்புகளை முதலில் நீரில் நன்றாகக் கரைத்துவிட்டு ஃபார்மலினை ஊற்றுங்கள். பி.எச். (அமிலத்தன்மை அளவு) 7-ஐ ஒட்டி, அதாவது நடுநிலையில் நிற்கும். வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்: இரண்டாவது உப்பு நீர் சேர்ந்த டைஹைட்ரேட் வகை என்றால் 6.5 கிராம் போதாது, சுமார் 8.2 கிராம் வேண்டும்.

மார்பகக் கட்டியில் இன்னும் கவனம் தேவை. ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 (கட்டியின் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) சோதனை முடிவுகளை வைத்துத்தான் சிகிச்சையே தீர்மானமாகிறது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் இறங்க வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். சனிக்கிழமை ஆபரேஷன் முடித்து புதன்கிழமை கூரியரில் கொடுத்தால் கெடு தாண்டிவிடும்.

வாய் அகன்ற டப்பாவாகப் பாருங்கள், திசுவைப் போல் பத்து மடங்காவது திரவம் இருக்கட்டும். குறுகிய கழுத்துப் பாட்டிலில் மெத்தென்று நுழைந்த கட்டி, கெட்டிப்பட்டபின் வெளியே வராது.

கலக்கும் வேலை பெரும்பாலும் தியேட்டர் உதவியாளர் அக்காவின் தலையில்தான் விழுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று ஃபார்மால்டிஹைடை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அவருக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுங்கள், காற்றை வெளியே இழுக்கும் விசிறி உள்ள இடத்தில் கலக்கச் சொல்லுங்கள்.

கட்டியை எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதுங்கள். கரைசல் பாட்டிலில் கலந்த தேதியை ஒட்டுங்கள். இந்த வாரமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு நோயியல் ஆய்வக டெக்னீஷியன்