வாத்தியார் முதல்வரானபோது

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் மைதானத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு அஞ்சலோட்டம் பழக்குகிறாய் என்பதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான் குறை, மற்றபடி சுகம்.

"வாத்திமார் அரசியலுக்கு வந்தால்தான் பள்ளிக்கூடங்கள் உருப்படும்" என்று எழுதியிருக்கிறாய். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருந்துகொண்டு இதற்கு எப்படித் தலையாட்டுவேன்? இங்கே மைக் ஹாரிஸ் என்று ஒரு முதல்வர் இருந்தார். வடக்கே நோர்த் பேயில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், பனிச்சறுக்கும் பழக்கினார். 1974இல் உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் கல்விச் சபையின் உறுப்பினர், 1981இல் நிப்பிசிங் தொகுதியின் மாகாணச் சட்டசபை உறுப்பினர், 1995இல் முதல்வர். உன் கணக்குப்படி பள்ளிக்கூடங்களுக்குப் பொற்காலம் அல்லவா வந்திருக்க வேண்டும்?

வந்தது வேலைநிறுத்தம். 1997 இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 126,000 ஆசிரியர்கள் இரண்டு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. அவர்கள் எதிர்த்த 160ஆம் சட்டமூலம், கல்விச் சபைகளின் கையிலிருந்த அதிகாரங்களை, வரி விதிக்கும் அதிகாரம் உட்பட, மாகாண அரசிடம் குவித்தது. கல்விச் சபையில் அரசியல் பழகிய மனிதரின் ஆட்சியில்தான் இது நடந்தது!

நீ கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு வந்ததை. 2000இல் 74ஆம் சட்டமூலம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் பாடச் சுமையைக் கூட்டியது. பள்ளி நேரத்துக்குப் பிறகு விளையாட்டு அணிகளைப் பழக்குவதையும் கட்டாயக் கடமையாக்கும் பிரிவுகள் அதில் இருந்தன. ஆசிரியர்கள் சினந்து ஒதுங்கினார்கள். பல பள்ளிகளில் அணிகள் கலைந்தன. அந்தப் பிரிவுகள் கடைசிவரை நடைமுறைக்கு வரவேயில்லை. மறு ஆண்டே நீக்கப்பட்டன. மணி அடித்த பிறகு உன்னை மைதானத்துக்குப் போகச் சொல்லி யாராவது சட்டம் போட்டார்களா? போட்டிருந்தால் போயிருப்பாயா? உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா!

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வரியைக் குறைப்பேன் என்றார், குறைத்தார். 1999இல் மக்கள் மறுபடியும் அவரையே தெரிவு செய்தார்கள். ஆசிரியர்களின் கோபம் எல்லா வீடுகளுக்கும் பரவவில்லை.

அங்கே இலங்கையில் மாகாண சபைத் தேர்தல் என்றைக்காவது வந்தால் உன்னை நிற்கச் சொல்கிறார்களாமே. நில், நான் தடுக்கமாட்டேன். ஆனால் "நான் உங்கள் வாத்தியார்" என்று மட்டும் சொல்லி வாக்குக் கேட்காதே. ஆசிரியர் ஆளணி இல்லாத பள்ளிகளுக்கு என்ன செய்யப் போகிறாய் என்பதை முதலில் எனக்கு எழுது. குறை பிடிக்க ஆவலாக இருக்கிறேன்.

உன் பழைய வகுப்புத் தோழன்